கருவி ஒன்று, கல்லூரிகள் பல

வேதியியல் மாணவர் தாம் உண்டாக்கிய கரிமச் சேர்மத்தின் அமைப்பை உறுதி செய்ய அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு நிறமாலைமானி பெரிதும் உதவுகிறது. இக்கருவியின் மீக்கடத்துக் காந்தத்தைக் குளிர்நிலையில் வைத்திருக்கத் திரவ ஹீலியமும் திரவ நைட்ரஜனும் அவ்வப்போது நிரப்பப்பட வேண்டும். விலையோடு இப்பராமரிப்புச் செலவையும் தாங்குவது பெரும்பாலான கல்லூரிகளுக்கு இயலாததாகும்.

இக்குறையைப் போக்கவே, 1971இல் அமைக்கப்பட்ட மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை, வட்டார உயர்நுட்பக் கருவி மையங்களைத் தோற்றுவித்தது. சென்னை, மும்பை இந்தியத் தொழில்நுட்பக் கழகங்கள், சண்டிகரிலுள்ள பஞ்சாப் பல்கலைக்கழகம், ஷில்லாங்கிலுள்ள வடகிழக்கு மலைப் பல்கலைக்கழகம் முதலியவற்றில் இவை அமைந்தன. பிற கல்லூரிகள் மாதிரிகளை அனுப்பி, கட்டணம் செலுத்தி, ஆய்வு முடிவுகளைப் பெறுகின்றன.

ஆயினும் ஒரு குறை எஞ்சி நிற்கிறது. அஞ்சலில் மாதிரி சென்று நிறமாலைப் படம் மட்டும் திரும்பி வருமாயின், மாணவர் கருவியைக் காணாமலே பட்டம் பெற்றுவிடுகிறார். நாளை அவரே கல்லூரி ஆசிரியராகும்போது இக்குறை அடுத்த தலைமுறைக்கும் தொடரும். எனவே மாதிரியுடன் மாணவரும் செல்வதற்குப் பயணப்படியும் தங்கும் வசதியும் அளிக்கப்படுதல் வேண்டும். வட்டாரப் பல்கலைக்கழகங்கள் கூடிப் பேசி, ஆண்டில் சில நாட்களை இப்பயிற்சிக்கென ஒதுக்கலாம். அருகிலுள்ள கிராமப் பள்ளி மாணவர்களையும் அந்நாட்களில் அழைக்கலாம். பொதுப்பணத்தில் வாங்கிய கருவியின் முழுப்பயனும் அப்போதுதான் நாட்டிற்குக் கிட்டும்.