ஷியா வெண்ணெய்

ஷியா வெண்ணெய் என்பது ஆப்பிரிக்கப் புல்வெளிப் பகுதிகளில் வளரும் ஷியா மரத்தின் விதைப் பருப்பிலிருந்து எடுக்கப்படும் கொழுப்பு ஆகும். தந்த நிறமோ வெளிர் மஞ்சள் நிறமோ கொண்டது. தோற்றத்தில் வெண்ணெயை ஒத்திருந்தாலும் இதற்கும் பாலுக்கும் தொடர்பு இல்லை. மேற்கு ஆப்பிரிக்காவில் இது நெடுங்காலமாகச் சமையலுக்கும், விளக்கெரிக்கவும், உடலில் பூசவும் பயன்பட்டு வருகிறது. வறண்ட கைகளுக்கான தாவரக் களிம்புகளின் முக்கிய மூலப்பொருட்களுள் இதுவும் ஒன்று.

பெயரும் வரலாறும்

'ஷியா' என்னும் பெயர், மாலி நாட்டில் பேசப்படும் பம்பாரா மொழியில் இம்மரத்திற்கு வழங்கும் பெயரிலிருந்து வந்தது. பிரெஞ்சு மொழியில் இது 'கரிட்டே' எனப்படுகிறது. 1352 ஆம் ஆண்டில் மாலிப் பேரரசுக்குப் பயணம் செய்த இப்னு பதூதா, இம்மரத்தின் பழத்தையும் அதன் கொட்டையிலிருந்து எடுக்கப்படும் எண்ணெயின் பயன்களையும் தம் பயணக் குறிப்புகளில் பதிவு செய்துள்ளார். 1795 முதல் 1797 வரை நைஜர் ஆற்றுப் பகுதியில் பயணம் செய்த ஸ்காட்லாந்து நாட்டவரான முங்கோ பார்க், இதனை ஐரோப்பியருக்கு விரிவாக அறிமுகப்படுத்தினார். அவர் நினைவாகவே மரத்திற்குப் 'பியூட்டிரோஸ்பெர்மம் பார்கி' என்ற அறிவியல் பெயர் இடப்பட்டது. தற்போது தாவரவியலில் 'விட்டெல்லாரியா பாரடாக்சா' என்ற பெயரே ஏற்கப்பட்டுள்ளது. எனினும் அழகுப்பொருட்களின் உறைகளில் பழைய பெயரே அச்சிடப்படுகிறது.

மரம்

ஷியா மரம் மேற்கே செனகல் முதல் கிழக்கே எத்தியோப்பியா, உகாண்டா வரை, சகாரா பாலைவனத்திற்குத் தெற்கே உள்ள நீண்ட நிலப்பட்டையில் காணப்படுகிறது. இது சப்போட்டாக் குடும்பத்தைச் சேர்ந்தது. தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் வளரும் இலுப்பையும் இதே குடும்பத்தைச் சேர்ந்ததாகும். இலுப்பை விதையிலிருந்தும் விளக்கெரிக்கவும் உடலில் பூசவும் உதவும் கொழுப்பு கிடைப்பது குறிப்பிடத்தக்கது.

இம்மரம் பெரும்பாலும் நட்டு வளர்க்கப்படுவதில்லை. தானாக முளைப்பதை உழவர்கள் வெட்டாமல் வயல்களின் நடுவே விட்டுவைக்கின்றனர். காய்க்கத் தொடங்க ஏறத்தாழ 15 முதல் 20 ஆண்டுகள் ஆகும்.

தயாரிப்பு முறை

பழங்கள் மழைக்காலத்தில் உதிர்கின்றன. பெண்கள் விடியற்காலையில் சென்று அவற்றைப் பொறுக்குகின்றனர். புல்லுக்கிடையே பாம்பு, தேள் கடிக்கு ஆளாகும் இடர் இவ்வேலையில் உண்டு. சதை உண்ணப்படுகிறது. கொட்டைகளை வேகவைத்து, வெயிலில் உலர்த்தி, ஓட்டை உடைத்துப் பருப்பை எடுக்கின்றனர். பருப்பின் எடையில் ஏறத்தாழப் பாதி கொழுப்பாகும்.

பருப்பை இடித்து, வறுத்து, அரைத்தால் பழுப்பு நிறக் கூழ் கிடைக்கும். அதில் சிறிது சிறிதாக நீர் சேர்த்துக் கையால் நெடுநேரம் பிசையும்போது கொழுப்பு வெளிறிப் பிரிந்து மிதக்கிறது. அதனை வழித்தெடுத்துக் கழுவி, காய்ச்சி, வடிகட்டி ஆறவைத்தால் ஷியா வெண்ணெய் கிடைக்கிறது. இம்முறைக்கு விறகும் நீரும் மிகுதியாகத் தேவை. ஆலைகளில் இயந்திர அழுத்தத்தாலும் கரைப்பான்களாலும் கொழுப்பு பிரிக்கப்படுகிறது. பின்னர் நிறமும் மணமும் நீக்கப்படுவதும் உண்டு.

வேதியியல்

இதன் பெரும்பகுதி ஒலீயிக் அமிலம், ஸ்டீரிக் அமிலம் ஆகிய கொழுப்பு அமிலங்களால் ஆனது. ஸ்டீரிக் அமிலம் திண்மத் தன்மையையும், ஒலீயிக் அமிலம் மென்மையையும் தருகின்றன. சோப்பாக மாறாத பொருட்கள் மற்ற பல தாவரக் கொழுப்புகளைவிட இதில் கூடுதலாக உள்ளன. உருகுநிலை உடல் வெப்பநிலைக்கு அருகில் இருப்பதால் உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தாலே இளகிவிடும். உருகிப் பின் மெதுவாக உறையும்போது மணல் போன்ற குருணைகள் தோன்றலாம். இது கெட்டுப்போனதன் அறிகுறி அன்று.

கை வறட்சியும் ஷியா வெண்ணெயும்

தோலின் மேலடுக்கில் இறந்த உயிரணுக்கள் செங்கற்கள் போலவும், அவற்றிடையே உள்ள கொழுப்புகள் சாந்து போலவும் அமைந்து நீர் ஆவியாகாமல் தடுக்கின்றன. உடலின் பிற பகுதிகளில் எண்ணெய்ச் சுரப்பிகள் தோலுக்கு மெழுக்குத் தருகின்றன. உள்ளங்கையில் அச்சுரப்பிகள் இல்லை. சோப்பும் பாத்திரம் துலக்கும் பொருட்களும் அழுக்குடன் தோலின் கொழுப்பையும் நீக்குகின்றன. தோலின் புறப்பரப்பு இலேசான அமிலத் தன்மை உடையது, சோப்போ காரத் தன்மை உடையது. இதனால் அடிக்கடி கை கழுவும் செவிலியர், சமையற்காரர், துப்புரவுப் பணியாளர் ஆகியோரின் கைகள் எளிதில் வறண்டு வெடிக்கின்றன. வெடிப்புகளின் வழியே நோய்க்கிருமிகள் நுழையவும் கூடும்.

ஷியா வெண்ணெய் இங்கு இரு வகையில் உதவுகிறது. சொரசொரப்பான தோலின் இடைவெளிகளை நிரப்பி மென்மையாக்குகிறது. மேற்பரப்பில் மெல்லிய படலமாகப் படிந்து நீரிழப்பைக் குறைக்கிறது. ஆனால் இதில் நீர் இல்லை. உள்ள ஈரத்தைக் காக்குமே அன்றி, புதிதாக ஈரத்தைத் தராது. எனவே கை கழுவி, நீரை ஒற்றியெடுத்தபின், ஈரப்பதம் மறையுமுன் பூசுவது சிறந்தது. பட்டாணி அளவு போதுமானது. விரலிடுக்குகள், மூட்டுகள், நகக்கண்கள் ஆகிய இடங்களிலும் தேய்க்க வேண்டும். இரவில் பூசிப் பருத்திக் கையுறை அணிவதும் வழக்கம்.

கடைகளில் கிடைக்கும் கைக்களிம்பு நீரும் எண்ணெயும் கலந்த பால்மம் ஆகும். அதில் ஈரத்தை ஈர்க்கும் கிளிசரினும், நீர் இருப்பதால் கிருமி வளராமல் தடுக்கும் பொருட்களும் சேர்க்கப்படுகின்றன. உறையில் சேர்பொருட்கள் பொதுவாக அளவின் இறங்குவரிசையில் தரப்படுவதால், ஷியாவின் பெயர் பட்டியலின் இறுதியில் இருந்தால் அதன் அளவு மிகக் குறைவு என அறியலாம்.

'தாவரப்பொருள்' என்பதனாலேயே ஒரு களிம்பு அனைவருக்கும் ஏற்றதாகிவிடாது. களிம்புகளில் சேர்க்கப்படும் நறுமண எண்ணெய்கள் சிலருக்கு ஒவ்வாமையை உண்டாக்கும். ஷியா வெண்ணெய் மருந்தும் அன்று. அரிப்பு, கொப்புளம், இரத்தக்கசிவு, சீழ் ஆகியவை காணப்பட்டால் மருத்துவரை அணுக வேண்டும்.

பொருளியல்

ஷியா சேகரிப்பும் தயாரிப்பும் பெரும்பாலும் பெண்களின் தொழிலாகும். ஆதலால் இது 'பெண்களின் பொன்' என்றும் அழைக்கப்படுகிறது. ஏற்றுமதியாகும் ஷியாவில் பெரும்பகுதி அழகுப்பொருட்களுக்கன்றி உணவுத் தொழிலுக்கே செல்கிறது. சாக்கலேட்டில் கொக்கோ வெண்ணெய் தவிர, ஷியா உள்ளிட்ட ஆறு தாவரக் கொழுப்புகளை 5 விழுக்காடு வரை சேர்க்க ஐரோப்பிய ஒன்றியம் 2000 ஆம் ஆண்டில் இசைவளித்தது.

கொட்டை பதப்படுத்தப்படாமல் ஏற்றுமதியாகும்போது வருவாயின் பெரும்பங்கு பிற நாடுகளுக்குச் சென்றுவிடுகிறது. உள்நாட்டில் பதப்படுத்துவதை ஊக்குவிக்க, நைஜீரியா 2025 ஆகஸ்டில் கொட்டை ஏற்றுமதிக்கு ஆறு மாதத் தடையை அறிவித்தது. பொறுக்கும் பெண்களுக்கு வாங்குவோர் குறைந்து விலை சரியுமோ என்ற அச்சமும் இத்தகைய தடைகளால் எழுகிறது.

அச்சுறுத்தல்கள்

விறகுக்கும் கரிக்கும் வெட்டப்படுவதாலும், நிலத்தைத் தரிசாக விடும் காலம் குறைந்து இளங்கன்றுகள் வளர இடமின்றிப் போவதாலும் இம்மரங்கள் குறைந்து வருகின்றன. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் ஷியா மரத்தை அழிவாய்ப்பு இனமாக வகைப்படுத்தியுள்ளது. காய்க்க நீண்ட காலம் ஆவதால், வெட்டப்பட்ட ஒரு மரத்தின் இடத்தில் புதிய மரம் பயன் தர ஏறத்தாழ ஒரு தலைமுறைக் காலம் ஆகிறது.

இவற்றையும் பார்க்க

இலுப்பை
கொக்கோ வெண்ணெய்
தேங்காய் எண்ணெய்
தோல்