தங்கம் தீர்ந்த சுரங்கத்தில் தீராத தேடல்

அமெரிக்காவின் தெற்கு டகோட்டா மாநிலத்தில் லீட் என்றொரு சிற்றூர். நூறாண்டுக்கும் மேலாகத் தங்கம் தந்த அவ்வூர் ஹோம்ஸ்டேக் சுரங்கம் 2002-இல் மூடப்பட்டது. இன்று அங்கே, தரைக்குக் கீழே சுமார் 1.5 கிலோமீட்டர் ஆழத்தில், வேறொன்றைத் தேடுகிறார்கள். தங்கம்போல் அரியதல்ல அது, எங்கும் நிறைந்திருப்பது. ஆனாலும் எந்தக் கருவியிலும் இதுவரை உறுதியாகச் சிக்காதது. கரும்பொருள் என்பது அதன் பெயர்.

சிக்காத ஒன்று இருப்பதாக எப்படித் தெரியும்? 1970-களில் வானியலாளர் வேரா ரூபின் விண்மீன் மண்டலங்களின் சுழற்சியை அளந்தார். விளிம்பிலுள்ள விண்மீன்கள் மெதுவாகச் சுற்றியிருக்க வேண்டும். அவையோ உள்ளே இருப்பவற்றுக்கு ஈடான வேகத்தில் ஓடின. கண்ணுக்குத் தெரியும் பொருளின் ஈர்ப்பு மட்டும் அவற்றைப் பிடித்துவைக்கப் போதாது. பிரபஞ்சத்திலுள்ள பொருளில் ஏறக்குறைய 85 சதவீதம் கரும்பொருளே என்பது இன்றைய கணக்கு.

அது நம் உடலையும் பூமியையும் ஊடுருவிச் சென்றுகொண்டே இருக்கிறது. எப்போதோ ஒரு துகள் ஓர் அணுக்கருவில் முட்டலாம். அந்த ஒரு முட்டலுக்குத்தான் இத்தனை காத்திருப்பு. கருவியைத் தரைமேல் வைத்தால் விண்ணிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்களின் இரைச்சலில் அந்த முட்டல் மறைந்துபோகும்; பாறைதான் குடை.

சுரங்கத்தில் காத்திருக்கும் லக்ஸ்-செப்லின் என்ற கருவியில், மைனஸ் 100 டிகிரி செல்சியஸை ஒட்டிய குளிரில் 10 டன் செனான் திரவமாக இருக்கிறது. துகள் முட்டினால் முதலில் ஓர் ஒளிப்பொட்டு. முட்டலில் கழன்ற எலக்ட்ரான்களை மின்புலம் மேலே இழுக்கும். திரவத்தைத் தாண்டி வாயுவில் நுழைந்ததும் இரண்டாவது ஒளி. இடைப்பட்ட நேரம் ஆழத்தைக் காட்டும். மேலும் கீழும் பொருத்திய 494 ஒளிப்பெருக்கிக் குழாய்களில் ஒளி விழுந்த விதம் இடத்தைக் காட்டும். ஓரத்தில் நிகழ்ந்தவை கருவியின் சுவர்க் கதிரியக்கமாக இருக்கலாம் என்று கழித்துவிடுவார்கள்.

2024-இல் 280 நாள் பதிவுகளை அலசினார்கள். கரும்பொருள் சிக்கவில்லை. ஆனால் எந்த எடையில், எவ்வளவு வலுவாக முட்டக்கூடிய துகள் இருக்க வாய்ப்பில்லை என்பது முன்னைவிடத் துல்லியமாகத் தெரிந்தது.

இதே குகையில்தான் 1960-களில் விஞ்ஞானி ரே டேவிஸ், சூரியனிலிருந்து வரும் நியூட்ரினோ என்ற நுண்துகள்களை எண்ணத் தொடங்கினார். எதிர்பார்த்ததில் மூன்றில் ஒரு பங்கே கிடைத்தது. கணக்கில் பிழை என்றார்கள் பலர். பிழையில்லை, மீதி வரும் வழியில் வேறு வகையாக மாறியிருந்தன. அந்த உண்மை நிலைநாட்டப்பட முப்பது ஆண்டுக்கு மேலானது. 2002-இல் நோபல் பரிசைப் பெற்றபோது டேவிஸுக்கு வயது 88.

'இன்னும் கிடைக்கவில்லை' என்ற செய்தியை அடுத்த முறை படிக்கும்போது அதைத் தோல்வி என்று ஒதுக்கிவிடாதீர்கள். தேட வேண்டிய இடம் குறைந்திருக்கிறது என்பதே அதன் பொருள்.