வீட்டுப் பெரியவர்களுக்கு எழுத்துப் பழக்க எதை எடுப்பது?

ஊருக்குத் திரும்பிய பின் படிவங்கள் வந்துகொண்டே இருக்கும்: காணி, வீட்டுத்திட்டம், தொலைந்த பிறப்புச் சான்றிதழ். எழுத்துத் தெரியாத உம்மா, என்ன எழுதியிருக்கிறது என்று அறியாமலே பெருவிரல் வைக்கிறார். அவருக்குப் பழக்க உங்கள் வீட்டில் சாதாரண தரம் வரை படித்த மகளோ மகனோ போதும். எதை வைத்துப் பழக்குவது என்பதில்தான் பலர் இடறுகிறார்கள்.

கைக்கு எட்டுவது பிள்ளையின் தரம் 1 பாடநூல். அது சின்னப் பிள்ளைக்கென எழுதப்பட்டது. பேரப்பிள்ளையின் முன் அதை விரிக்க ஐம்பது வயதுப் பெண்ணுக்கு வெட்கமாக இருக்கும். இரண்டாம் கிழமை சாட்டுச் சொல்லிவிடுவார். 247 எழுத்தும் உள்ள சுவர் அட்டையும் ஆரம்பத்தில் வேண்டாம். பார்த்தாலே மலைப்பு.

முதற்பாடம் அவருடைய பெயர். அடையாள அட்டையிலோ பிறப்புச் சான்றிதழிலோ தமிழில் உள்ளபடியே எழுதிக் கொடுங்கள். எழுத்து மாறினால் பின்னர் அலுவலகங்களில் சிக்கல் வரும். அந்த எழுத்துகளிலிருந்தே வேறு சொற்களை அமையுங்கள். பாத்திமா என்று எழுதத் தெரிந்தவருக்குப் பாதி, பாத்தி, மாமா ஆகிய சொற்களுக்குப் புதிய எழுத்தே தேவையில்லை. அடுத்து கிளினிக் அட்டை, மருந்து உறை, பஸ்ஸின் பெயர்ப்பலகை: கோமாரி, திருக்கோவில், அக்கரைப்பற்று, கல்முனை. பத்திரிகையில் பெரிய தலைப்புகள் மட்டும் போதும்.

குர்ஆன் ஓதத் தெரிந்தவரை எழுத்தறியாதவர் என்று ஒதுக்காதீர்கள். எழுத்துக்கு ஒலி உண்டு, மேலோ கீழோ குறி சேர்ந்தால் ஒலி மாறும் என்பது அவருக்கு முன்பே தெரியும். ப, பி, பு அவருக்கு விரைவில் பிடிபடும். தமிழ் இடமிருந்து வலமாக ஓடுவதை மட்டும் முதல் நாளே விரல் வைத்துக் காட்டுங்கள். தமிழையே அரபு எழுத்தில் எழுதிய அரபுத்தமிழ் இலங்கை முஸ்லிம்களிடம் இருந்த வழக்கம்தானே.

“தலையில் ஏறவில்லை” என்பவருக்குப் பல வேளைகளில் கண்ணில்தான் குறை. நாற்பது வயதுக்கு மேல் கிட்டப் பார்வை மங்கும். கொப்பியைத் தள்ளிப் பிடிக்கிறாரா என்று பாருங்கள். அப்படியானால் முதலில் வாசிப்புக் கண்ணாடி வாங்குங்கள்.

சில வாரங்களில் வெற்றுப் படிவம் ஒன்றைக் கொண்டுவந்து பென்சிலால் நிரப்பப் பழக்குங்கள். சிங்களப் படிவம் தந்தால் தமிழில் கேளுங்கள். தமிழும் அரச கரும மொழி, கேட்பது உங்கள் உரிமை. வகுப்பாகச் சேர விரும்பினால் வலயக் கல்வி அலுவலகத்தின் முறைசாராக் கல்விப் பிரிவில் விசாரியுங்கள்.

பெருவிரல் வைத்து வங்கிக் கணக்குத் திறந்தவர், கையொப்பத்துக்கு மாறுமுன் அடையாள அட்டையுடன் நேரில் போய் வங்கிக்கு அறிவிக்க வேண்டும்.