வாய் அடைத்துப்போகும் வலையமைப்பு அட்டை

நேயர்களே, சேவையகக் கணனி ஒன்று திடீரெனப் பதிலிறாது நின்றுவிட்டால், அதனை நிறுத்தி மீண்டும் இயக்குவதே நம்மிற் பலர் கையாளும் வழி. அவ்வாறு செய்யுங்கால் பழுதின் தடயங்களும் அழிந்துபோகின்றன.

செய்திப் பொதிகளை வாங்கியும் அனுப்பியும் வரும் வாயிலே வலையமைப்பு அட்டை. இன்று அது பெரும்பாலும் தாய்ப்பலகையிலேயே ஒரு சில்லாக அமைந்திருக்கும். அமெரிக்கப் பொறியியலாளர் ஒருவர் 2013 பெப்ரவரியில் வெளியிட்ட ஆய்வொன்றைக் கேளுங்கள். இணையவழித் தொலைபேசி அழைப்புகளைக் கையாண்ட அவருடைய கணனிகளில், இன்டெல் 82574எல் என்னும் சில்லு இடையிடையே செயலற்றது. கணனியோ இயங்கிக்கொண்டேயிருந்தது. மீளத் தொடக்கியும் பயனில்லை. மின்சாரத்தை முற்றாகத் துண்டித்த பின்னரே சில்லு உயிர்பெற்றது.

அவர் வந்த பொதிகளைப் பதிவுசெய்து, மீண்டும் அனுப்பிச் சோதித்தார். பூச்சியத்திலிருந்து எண்ணுமிடத்து 1151ஆம் பைற்றில் ‘2’ அல்லது ‘3’ என்னும் குறியிருப்பின் சில்லு பூட்டிக்கொண்டது! அவ்விடத்தில் ‘4’ முன்னரே வந்துவிட்டால், பின்வரும் தீய பொதியையும் அது தாங்கியது. தாய்ப்பலகை உற்பத்தியாளர் ஒருவர் சில்லுக்குரிய நினைவகத்தில் தவறான அமைப்பைப் பதித்தமையே காரணமென இன்டெல் விளக்கிற்று. அப்பதிவைத் திருத்துவதே பரிகாரமாயிற்று.

ஆதலின், இத்தகைய பழுது மீண்டும் மீண்டும் தோன்றுமாயின், நின்ற நேரத்தையும் கணனியின் நிகழ்வுப் பதிவையும் முதலிற் குறித்துக்கொள்ளுங்கள். வரும் பொதிகளை வேறொரு கணனியிற் பதிவுசெய்யுங்கள். பின்னர் ஒரு வேளையில் ஒன்றை மட்டுமே மாற்றிப் பாருங்கள். பலவற்றை ஒருங்கே மாற்றியவருக்குப் பழுது நீங்கினாலும், எதனால் நீங்கியது என்பது தெரியாது.