வாக்குப்பதிவுக்கு முன்பே முடிந்துபோகும் தேர்தல்

பினாங்கு ஜார்ஜ்டவுனில் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலைக்குப் பெயர் தந்த காதர் முகைதீன் மெரிக்கானுக்கு யாரும் வாக்களிக்கவில்லை. கடல் கடந்து வந்த தென்னிந்திய முஸ்லிம்களுக்குப் பொறுப்பான ஓர் ஆள் வேண்டும் என்று கிழக்கிந்தியக் கம்பெனி நினைத்தது. அவரைக் கப்பித்தான் ஆக்கியது. 1801இல் பள்ளிவாசல் எழுந்தது. சீனர்களுக்கு ஒரு கப்பித்தான், தமிழ் முஸ்லிம்களுக்கு ஒரு கப்பித்தான் என்று சமூகத்துக்கொரு தலைவரை மேலிருந்து வைத்து நடத்திய காலம் அது.

இப்போது அதே சாலையில் பணம் மாற்றிக் கொடுப்பவரும், பள்ளிவாசலை ஒட்டிய நாசி கண்டார் கடையில் வரிசை பிடித்து நிற்பவரும், குவான் யின் கோயில் வாசலில் ஊதுவத்தி விற்பவரும் வாக்காளர்கள். சாலை தஞ்சோங் நாடாளுமன்றத் தொகுதியில் வருகிறது. 1986இல் லிம் கிட் சியாங் வென்றதிலிருந்து இன்றுவரை தஞ்சோங்கில் ஜனநாயக செயல் கட்சியை (ஜசெக) தவிர வேறு கட்சி ஜெயித்ததில்லை. வாக்கு எண்ணும் இரவில் அங்கே கேட்கப்படும் கேள்வி, ‘எத்தனை ஆயிரம் வித்தியாசம்?’ என்பதுதான். ‘யார்?’ என்பதற்கான விடை, கட்சி வேட்பாளர் பட்டியலை வெளியிட்ட அன்றே வந்துவிடுகிறது.

அந்தப் பட்டியலைப் போடுவது யார்? உலகத்தின் பெரிய ஜனநாயகங்கள் எல்லாம் இந்தக் கேள்வியில்தான் தடுமாறுகின்றன. அமெரிக்கா இதற்கு ஒரு விடை வைத்திருக்கிறது. மலேசியா அதற்கு நேர்மாறான விடையை வைத்திருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இரண்டின் ஓட்டையும் தெரியும்.

அமெரிக்காவில் கட்சித் தலைவர் பட்டியல் போட முடியாது. எங்கள் கட்சி வேட்பாளர் இவர்தான் என்று முடிவு செய்வது பிரைமரி எனப்படும் முன்தேர்தல். அரசே நடத்துகிறது, சாதாரண வாக்காளர் போய் வாக்களிக்கிறார். கட்சி முதலாளிகள் பூட்டிய அறையில் ஆட்களைப் பொறுக்குவதைப் பார்த்துக் கொதித்துப்போன விஸ்கான்சின் ஆளுநர் ராபர்ட் லா ஃபாலெட் 1903இல் இதற்குச் சட்டம் கொண்டுவந்தார். அதிபர் பதவிக்கு மட்டும் பழைய அறை இன்னும் அறுபது ஆண்டுக்கு மேல் பூட்டியே கிடந்தது. 1968இல் ஹூபர்ட் ஹம்ஃப்ரி ஒரு பிரைமரியில்கூட இறங்காமல் ஜனநாயகக் கட்சியின் வேட்பாளரானார். சிகாகோ தெருக்களில் அடிதடி நடந்தது. அதற்குப் பிறகுதான் விதிகள் மாறின.

அறை திறந்தது. உள்ளே வந்தவர்கள் யார்? பிரைமரி நாளில் வேலையை விட்டுவிட்டு வந்து நிற்பவர் கட்சியின் மேல் வெறி கொண்டவராகவோ, எதிர்க்கட்சியின் மேல் அதைவிடப் பெரிய கோபம் கொண்டவராகவோ இருப்பார். 2014 ஜூனில் வர்ஜீனியாவில் எரிக் கேன்டர் தோற்றார். பிரதிநிதிகள் சபையில் குடியரசுக் கட்சியின் இரண்டாம் இடத்துத் தலைவர், அடுத்த சபாநாயகர் என்று பேசப்பட்டவர். அவரை வீழ்த்தியவர் டேவ் பிராட் என்ற பொருளாதாரப் பேராசிரியர். ஏறத்தாழ ஏழு லட்சம் பேர் வாழும் தொகுதியில் அந்த முன்தேர்தலில் வாக்களித்தவர்கள் சுமார் 65,000 பேர். குடியேறிகள் விஷயத்தில் கேன்டர் சற்று இளகிவிட்டார் என்பது குற்றச்சாட்டு. வாஷிங்டனில் இருந்த மற்றவர்கள் பாடம் படித்துக்கொண்டார்கள்: எதிர்க்கட்சியோடு பேசினால் வேலை போகும்.

ஒரு விஷயத்தைத் தெளிவுபடுத்திவிட வேண்டும். அமெரிக்கா இன்று இரண்டாகப் பிளந்து கிடப்பதற்குப் பிரைமரிதான் காரணம் என்று சொல்வது எளிது, ஆனால் கணக்கு உதைக்கிறது. பிரைமரிக்கு வயது நூற்றுக்கு மேல். பிளவு முற்றியது கடந்த முப்பது நாற்பது ஆண்டுகளில். இடையில் நடந்தது வேறு. 1960களின் சிவில் உரிமைச் சட்டங்களுக்குப் பிறகு தென்மாநில வெள்ளையர்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் குடியரசுக் கட்சிக்குப் போனார்கள். நகரங்கள் ஜனநாயகக் கட்சியாகவும் கிராமங்கள் குடியரசுக் கட்சியாகவும் பிரிந்தன. எல்லை வரைபவர்கள் மிச்சத்தைப் பார்த்துக்கொண்டார்கள். பெரும்பாலான தொகுதிகள் தஞ்சோங் மாதிரி ஆகிவிட்டன. பொதுத் தேர்தலில் போட்டி செத்த இடத்தில், முன்தேர்தலில் வரும் சில ஆயிரம் பேர் முழுத் தொகுதியின் எசமானர்கள் ஆனார்கள்.

மலேசியாவில் சாமானியன் வாக்களிக்கும் முன்தேர்தல் கிடையாது. வேட்பாளர் இவர் என்று கட்சித் தலைமை கையெழுத்திட்டுத் தரும் கடிதம் இருந்தால்தான் சின்னம் கிடைக்கும். பேராசிரியர் பி. ராமசாமியின் கதை பினாங்குத் தமிழர்களுக்கு நன்றாகத் தெரியும். 2008இல் பத்து காவானில் அப்போது முதலமைச்சராக இருந்த கோ சூ கூனைத் தோற்கடித்து நாடாளுமன்றத்துக்கும், பிறையில் வென்று சட்டமன்றத்துக்கும் போனவர். அந்த ஆண்டே இரண்டாம் துணை முதல்வர் ஆனார். பதினைந்து ஆண்டுகள் அந்த நாற்காலியில் இருந்தார். 2023 சட்டமன்றத் தேர்தலுக்கான ஜசெக பட்டியலில் அவர் பெயர் இல்லை. கட்சியை விட்டு வெளியேறி ‘உரிமை’ என்று புதுக் கட்சி தொடங்கினார்.

அவரை மாற்றியது சரியா, தவறா என்று இரண்டு பக்கமும் பேச ஆள் உண்டு. ஒருவரே எத்தனை தவணை இருப்பது என்று கேட்டவர்களும் இருந்தார்கள், அதில் நியாயமும் இருக்கிறது. என் குறை வேறு. பிறைத் தொகுதி வாக்காளர் ஒருவர்கூட அந்த முடிவில் கைவைக்கவில்லை. அவரை வைத்துக்கொள்ள நினைத்தவர்களும் அனுப்பிவிட நினைத்தவர்களும் மறுநாள் பத்திரிகையைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார்கள். அந்தத் தேர்தலில் ஜசெக பினாங்கில் 19 இடங்களில் நின்று 19லும் வென்றது. அதாவது பட்டியலில் இடம் கிடைத்த 19 பேருமே சட்டமன்றத்துக்குப் போனார்கள்.

இந்தப் பூட்டிய அறைக்குள்ளும் ஒரு தேர்தல் உண்டு. தொகுதி வாக்காளருக்கு இல்லை, கட்சிப் பேராளர்களுக்கு. யார் தலைவர், யார் மத்திய செயலவை என்று முடிவு செய்வது அவர்கள். தலைமை யார் கையில் இருக்கிறதோ பட்டியல் அவர் கையில். 1977இல் மலேசிய இந்தியர் காங்கிரஸ் (மஇகா) துணைத்தலைவர் தேர்தலில் சாமிவேலு, சுப்ரமணியத்தை 26 வாக்குகளில் வென்றார். 1979இல் தலைவர் மாணிக்கவாசகம் காலமானதும் பொறுப்பு அவர் கைக்கு வந்தது. 2010 வரை போகவில்லை. நாட்டின் இந்தியர்களுக்கு முப்பத்தொரு ஆண்டுகள் யார் பேசுவது என்பதை அந்த 26 பேராளர்கள் தீர்மானித்தார்கள் என்று சொன்னால் மிகையில்லை. 2008இல் சுங்கை சிப்புட் மக்கள் அவரைத் தோற்கடித்தார்கள். அடுத்த ஆண்டே மஇகாவில் போட்டியே இல்லாமல் மீண்டும் தலைவர்.

ஆளும் கட்சியான அம்னோவின் 1987 கதை இன்னும் பெரியது. ஏப்ரல் 24 அன்று கோலாலம்பூரில் தலைவர் பதவிக்கு மகாதீருக்கும் தெங்கு ரசாலிக்கும் போட்டி. ‘ஏ’ அணி, ‘பி’ அணி என்று கட்சி நடுவில் பிளந்திருந்தது. மகாதீருக்கு 761, ரசாலிக்கு 718. வித்தியாசம் 43. ஒரு நாட்டின் பிரதமர் யார் என்பதைச் சுமார் 1,480 பேர் தீர்மானித்த நாள் அது. அடுத்த ஆண்டு பிப்ரவரியில், பதிவு செய்யப்படாத 30 கிளைகள் இருந்ததால் அம்னோவே சட்டவிரோத அமைப்பு என்று நீதிபதி ஹருன் ஹஷிம் தீர்ப்பளித்தார். ஆளும் கட்சி ஒரு தீர்ப்பில் காணாமல் போயிற்று. மகாதீர் புதிய அம்னோவைப் பதிவு செய்தார், ரசாலி தனிக்கட்சி கண்டார்.

இடையில் அக்டோபர் வந்தது. சீனப் பள்ளிகளுக்கு மாண்டரின் படிக்காத ஆசிரியர்களைத் தலைமைப் பொறுப்பில் போட்ட விவகாரம் பற்றிக்கொண்டது. சீனக் கட்சிகளும் சங்கங்களும் கூட்டம் போட்டன. அம்னோ இளைஞர் பிரிவு பதில் கூட்டம் போட்டது. உட்கட்சியில் பாதிப் பேரை இழந்து நின்ற தலைமைக்கு, இனத்தின் காவலன் யார் என்று காட்டியாக வேண்டிய நேரம். அக்டோபர் 27இல் தொடங்கிய ஓப்பராசி லாலாங்கில் 106 பேர் கைதானார்கள். பட்டோ, வி. டேவிட், கர்ப்பால் சிங் உள்ளே போனார்கள். தஞ்சோங் உறுப்பினர் லிம் கிட் சியாங்கும் உள்ளே. 43 வாக்கு வித்தியாசம்தான் லாலாங்கைக் கொண்டுவந்தது என்று நூல் பிடித்து நிறுவ முடியாது. ஆனால் கட்சிக்குள் இடம் ஆட்டம் கண்ட தலைவன் வெளியே குரலை உயர்த்துவான் என்பது அமெரிக்காவிலும் இங்கேயும் ஒரே மாதிரிதான் நடக்கிறது.

அப்படி உயர்ந்த குரல்களில் எல்லோர் கண்ணிலும் பட்டது 2005இல் அம்னோ இளைஞர் பிரிவு மாநாட்டில் ஹிஷாமுடின் உருவிக் காட்டிய கெரிஸ் குறுவாள். மண்டபத்தில் கைத்தட்டல். வெளியே சீன, இந்திய வாக்காளர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். 2008 மார்ச்சில் தேசிய முன்னணி மூன்றில் இரண்டு பெரும்பான்மையை இழந்தது. பினாங்கும் கை மாறியது. ஹிஷாமுடின் அதற்குப் பிறகு மன்னிப்புக் கேட்டார். மண்டபத்துக்குள் வெற்றி தருவது மைதானத்தில் தோல்வி தரும் என்பதை அமெரிக்கப் பாடநூலில் தேட வேண்டியதில்லை.

பிகேஆர் மட்டும் கதவைத் திறந்து பார்த்தது. 2010இல் உறுப்பினர் ஒவ்வொருவரும் நேராக வாக்களிக்கலாம் என்றார்கள். மலேசியக் கட்சிகளில் அதுவே முதல்முறை. வாக்களிக்க வந்தவர்கள் சொற்பம். முறைகேடு என்று குற்றம் சாட்டி சையிட் இப்ராஹிம் கட்சியை விட்டே போனார். 2018இல் துணைத்தலைவர் பதவிக்கு அஸ்மின் அலியும் ரஃபிஸியும் மோதினார்கள், மயிரிழையில் அஸ்மின். அந்தக் காயம் ஆறவே இல்லை. 2020 பிப்ரவரியில் ஷெரட்டன் ஹோட்டல் கூட்டத்தோடு அஸ்மின் அணி வெளியேறியது, பக்காத்தான் ஆட்சி கவிழ்ந்தது. 2025 மே மாதத் தேர்தலில் கதவு பாதி சாத்தப்பட்டுவிட்டது: மேல்மட்டப் பதவிகளுக்கு வாக்குரிமை பேராளர்களுக்கு மட்டும். துணைத்தலைவர் பதவிக்கு நூருல் இஸ்ஸா 9,803 வாக்குகள், ரஃபிஸி 3,866. ரஃபிஸி அமைச்சர் பதவியை உதறினார். 2022 பொதுத் தேர்தலில் இதே நூருல் இஸ்ஸா, தந்தை அன்வார் இப்ராஹிமின் கோட்டையான பெர்மாத்தாங் பாவில் பாஸ் வேட்பாளரிடம் தோற்றிருந்தார்.

ஜசெகவின் பேராளர் தேர்தலில் ஒரு ருசியான வழக்கம் உண்டு. முப்பது பேரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். யார் யாருக்குப் போடுவது என்று அணிகள் சுற்றுக்கு விடும் பெயர்ப்பட்டியலுக்கு ‘மெனு’ என்று பெயர். கைப்பேசியில் வந்த மெனுவைப் பார்த்துப் பார்த்து டிக் செய்வார்கள். 2025 மார்ச்சில் அந்த மெனு, பினாங்கைப் பத்தாண்டுகள் ஆண்ட லிம் குவான் எங்கை முப்பதில் 26ஆம் இடத்துக்குத் தள்ளியது. தலைவர் பதவி கோபிந்த் சிங்குக்கு வந்தது, லிம் ஆலோசகரானார்.

இதற்கிடையே பினாங்கும் பிளந்துகொண்டிருக்கிறது. 2023இல் மாநிலச் சட்டமன்றத்தின் 40 இடங்களில் எதிரணியான பெரிக்காத்தான் 11ஐ வென்றது. மலாய் வாக்காளர் நிறைந்த தொகுதிகள் ஒரு பக்கம் சாய்ந்தன, சீன வாக்காளர் நிறைந்தவை மறுபக்கம் அசையாமல் நின்றன. இரண்டு பக்கமும் பாதுகாப்பான தொகுதி கூடக்கூட, ‘நம் ஆட்கள் என்ன நினைப்பார்கள்’ என்ற பயம் ஒன்றே உறுப்பினருக்கு மிஞ்சுகிறது. போதாததற்கு 2022 அக்டோபரில் வந்த கட்சித்தாவல் தடைச் சட்டம்: கட்சியை விட்டு விலகினால் நாடாளுமன்ற இடம் போய்விடும். விலை போகிறவர்களைத் தடுக்க வந்த சட்டம், அதை வரவேற்கிறேன். ஆனால் மனசாட்சிக்காக விலக நினைப்பவனும் அதே வலையில் மாட்டுகிறான்.

அமெரிக்காவில் சில மாநிலங்கள் செய்த ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2021 ஜனவரியில் டிரம்ப் மீது குற்றம் சாட்டும் தீர்மானத்துக்கு ஆதரவாக வாக்களித்த குடியரசுக் கட்சிப் பிரதிநிதிகள் பத்துப் பேர். 2022 தேர்தலில் நால்வர் நிற்கவே இல்லை. லிஸ் சேனி உட்பட நால்வர் முன்தேர்தலில் தோற்றார்கள். தப்பியவர்கள் இருவர்: வாஷிங்டன் மாநிலத்தின் டான் நியூஹவுஸ், கலிஃபோர்னியாவின் டேவிட் வாலடாவ். இரண்டு மாநிலங்களிலும் பிரைமரி கட்சிவாரியாக நடப்பதில்லை. எல்லாக் கட்சி வேட்பாளரும் ஒரே சீட்டில், எல்லா வாக்காளரும் வாக்களிக்கலாம், முதல் இருவர் இறுதிச் சுற்றுக்குப் போவார்கள். இருவரும் நல்லவர்கள், மற்றவர்கள் கெட்டவர்கள் என்பதல்ல விஷயம். அவர்கள் கணக்குச் சொல்ல வேண்டியிருந்த கூட்டம் பெரியது.

ஜார்ஜ்டவுனிலும் அப்படி ஒரு காலம் இருந்தது. பள்ளிவாசலிலிருந்து கடலை நோக்கி நடந்தால் சாலை முடிந்து பாடாங் வரும், அங்கே வெள்ளை வெளேரென்று மாநகர மன்றக் கட்டடம். 1957இல் அதன் முதல் மேயர் டி.எஸ். ராமநாதன். சீனர் பெரும்பான்மையாக வாழ்ந்த ஊரில், மக்கள் வாக்களித்து அனுப்பிய மன்றம் ஒரு தமிழரை மேயராக்கியது. 1965இல் உள்ளாட்சித் தேர்தல்கள் நிறுத்தப்பட்டன. திரும்பக் கொண்டுவரச் சொன்னது அதி நாகப்பன் தலைமையிலான அரச ஆணையம்; அறிக்கை பரணுக்குப் போனது. இப்போது மன்ற உறுப்பினர்களை நியமிப்பது மாநில அரசு, பெயர் கொடுப்பது கட்சிகள். ராமநாதன் பெயரில் ஒரு சாலை இருக்கிறது.

அடுத்த பட்டியலுக்கு அதிக நாள் இல்லை. பினாங்கில் ஒருவர் இரண்டு தவணைக்கு மேல் முதலமைச்சராக முடியாது. சாவ் கோன் இயோவின் இரண்டாம் தவணை ஓடிக்கொண்டிருக்கிறது. 2024 செப்டம்பரில் மாநில ஜசெக பேராளர்கள் ஸ்டீவன் சிம்மைத் தலைவராக்கினார்கள், அடுத்த முதல்வர் அவர்தான் என்று கடைத்தெருவில் பலர் கணக்குப் போட்டுவிட்டார்கள். அவர் புக்கிட் மெர்தாஜாம் நாடாளுமன்ற உறுப்பினர். முதல்வராக வேண்டுமென்றால் முதலில் ஒரு சட்டமன்றத் தொகுதி வேண்டும். எந்தத் தொகுதி, அதிலிருந்து யார் விலகுவது என்பதைக் கட்சி பார்த்துக்கொள்ளும்.