நான்கு துளையும் ஒரு கம்பியும்

1980களிலும் 90களிலும் ஐரோப்பாவில் ஓடிய ஃபோர்டு கார்களின் கம்பெனி ரேடியோவைப் பார்த்தவர்களுக்கு அந்த நான்கு துளைகள் நினைவிருக்கும். முகப்பின் இடது ஓரத்தில் இரண்டு, வலது ஓரத்தில் இரண்டு. வெளியே திருகாணி எதுவும் தெரியாது. அந்தத் துளைகளில் 'ப' வடிவக் கம்பி இரண்டைச் செருகினால் செட் முழுசாகக் கையோடு வந்துவிடும். சர்வீஸ் சென்டரில் அதற்கென்றே சாவி வைத்திருப்பார்கள். சாவி இல்லாதவர்கள் துணி மாட்டும் கம்பி ஹேங்கரை வெட்டி வளைத்துக்கொண்டார்கள். எஸ்கார்ட்டுக்குச் செய்த கம்பி சியர்ராவுக்கும் ஃபியஸ்டாவுக்கும் உதவியது.

ஹேங்கர் கிடைக்காத இடத்தில் சைக்கிள் ஸ்போக்ஸ் போதும். ஏறக்குறைய 2 மி.மீ. கனம், எளிதில் மடங்காத எஃகு. ஒரு சாண் நீளத்துக்கு வெட்டி, இரண்டு கால்களின் இடைவெளி துளைகளின் இடைவெளிக்குச் சரியாக இருக்கும்படி வளைத்து, முனைகளை அரத்தில் உருட்டிவிட வேண்டும். முனை கூராக இருந்தால் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக்கைக் கீறிவிடும். செட்டின் இரு பக்கமும் வில்போல வளைந்த எஃகுத் தகடு உண்டு. அதுதான் டேஷ்போர்டுக்குள் இருக்கும் கூண்டின் விளிம்பைக் கவ்விப் பிடித்திருக்கிறது. கம்பி உள்ளே போய் அந்தத் தகட்டை அமுக்கும்போது 'டிக்' என்று ஒரு சின்னச் சத்தம். கடைச் சாவியின் முனையருகே தகட்டைப் பற்றிக்கொள்ள வெட்டுப்பள்ளம் இருக்கும். நாம் செய்த கம்பியில் அது கிடையாது. அதனால் இரண்டு கம்பிகளையும் வெளிப்பக்கமாக விரித்துப் பிடித்தபடியே இழுக்க வேண்டும். முன்னால் இழுப்பதைவிட அந்த விரிப்புதான் முக்கியம். இது கைக்குப் பிடிபடும்வரை செட் அசையாது. பிடிபட்டபின் வெண்ணெயில் கத்தி போவதுபோல வழுக்கிக்கொண்டு வெளியே வரும்.

ஃபோக்ஸ்வாகனிலும் பென்ஸிலும் வட்டத் துளைக்குப் பதில் மெல்லிய பிளவு இருக்கும். அங்கே கம்பி உதவாது, தகடுதான் வேண்டும். ஹாக்சா பிளேடைத் தேய்த்துச் செய்தவர்களும் ஃபீலர் கேஜ் தகடுகளை நுழைத்துப் பார்த்தவர்களும் உண்டு.

செட்டை இப்படி எளிதாகக் கழற்றி மாற்ற முடிந்ததற்குக் காரணம் ஓர் அளவு. ஜெர்மானியத் தரநிர்ணய அமைப்பான டி.ஐ.என். வகுத்து, 1984இல் ஐ.எஸ்.ஓ. 7736 என்று உலகத் தரமாக ஏற்கப்பட்ட அளவு: முகப்பு 180 மி.மீ. அகலம், 50 மி.மீ. உயரம். பல கம்பெனிகள் தங்கள் டேஷ்போர்டில் அந்த ஓட்டையை ஒரே மாதிரி விட்டுவைத்தன. பின்னால் சொருகும் கப்ளருக்கும் 1990களில் ஐ.எஸ்.ஓ. தரம் வந்தது. இந்தக் கார் செட்டை அந்தக் காரில் போடலாம். கம்பெனி செட்டைக் கழற்றிவிட்டுப் பிடித்த செட்டை மாட்டலாம். வண்டியை விற்கும்போது பழையதைத் திரும்பப் பொருத்தி, புதியதை எடுத்துக்கொண்டு போகலாம். கார் வாங்கியவர் ஒருநாள் இதைக் கழற்றுவார் என்று கார் செய்தவரே ஒப்புக்கொண்டிருந்தார். எனக்கு அந்த ஓட்டையின் மேல் உள்ள மரியாதை அதனால்தான்.

நம் ஊரில் மாருதி 800 காலத்துப் பெரும்பாலான கார்கள் செட் இல்லாமலேயே வீட்டுக்கு வந்தன. சென்னையில் கார் சாமான் கடைகள் நிறைந்த ஜி.பி. ரோட்டுக்கு ஓட்டிப்போய்த்தான் மாட்டினார்கள். கூண்டை ஓட்டைக்குள் தள்ளி, அதன் காதுகளை ஸ்க்ரூ டிரைவரால் மடக்கிவிட்டால் வேலை பாதி முடிந்தது. மீதி ஒயர்: மஞ்சள் நேராக பேட்டரிக்கு, சிவப்பு சாவி போட்டால் கரண்ட் வரும் இடத்துக்கு, கறுப்பு எர்த். ஃபோக்ஸ்வாகன் வகை வண்டிகளில் மட்டும் ஒரு சிக்கல் உண்டு. மஞ்சளும் சிவப்பும் வரவேண்டிய இடங்கள் கப்ளரில் மாறியிருக்கும். கவனிக்காமல் சொருகினால் சாவியை எடுத்தவுடன் சேமித்த ஸ்டேஷன் எல்லாம் அழிந்துபோகும். செட் கெட்டுவிட்டது என்று கடைக்குத் திரும்பிப் போகிறவர்கள் உண்டு. அந்த இரண்டு ஒயரை இடம் மாற்றிச் சொருகினால் தீர்ந்தது.

உரிமையாளருக்குத் திறந்த துளை திருடனுக்கும் திறந்தது. ஐரோப்பிய நகரங்களில் கார் ரேடியோ திருட்டு பெருகியதும் கழற்றி எடுத்துப்போகும் முகப்பு வந்தது, ரகசிய எண் வந்தது. பேட்டரி ஒயரை ஒருமுறை கழற்றிவிட்டாலே ரேடியோ நான்கு இலக்க எண் கேட்கும். ஃபோக்ஸ்வாகன் ரேடியோவில் 'சேஃப்' என்ற எழுத்து வரும். இரண்டு முறை தவறாக அடித்தால் ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டும். ஃபோர்டு ரேடியோவின் எண் தொலைந்துவிட்டால் அதைக் கண்டுபிடிக்க சீரியல் நம்பர் வேண்டும். பல மாடல்களில் அது செட்டின் உடம்பில் ஒட்டியிருக்கும் சீட்டில்தான் இருக்கும். அதைப் படிக்கவும் கழற்றித்தான் ஆகவேண்டும். ஆகையால் திருட்டைத் தடுக்க வந்த பூட்டே நியாயமான உரிமையாளர்களையும் கம்பி வளைக்க வைத்தது.

இன்றைய காரில் துளையைத் தேடினால் கிடைக்காது. ரேடியோ இருந்த இடத்தில் அகலமான தொடுதிரை. அதைச் சுற்றியுள்ள சட்டம் அந்த மாடலுக்கென்றே வார்த்தது. கழற்றும் வேலை ஏ.சி. காற்று வரும் ஜன்னலிலிருந்தோ கியர் லீவரைச் சுற்றிய மூடியிலிருந்தோ தொடங்கும். கைவினைக் கருவிக்கு இங்கும் இடம் உண்டு. நைலான் பட்டைகள் கடையில் கிடைக்கின்றன. அவை இல்லாவிட்டால் மூங்கில் பட்டையை ஒருமுனை சரிவாகச் சீவித் துணி சுற்றிக்கொள்ளலாம். காலாவதியான ஏ.டி.எம். கார்டும் ஐஸ்கிரீம் குச்சியும்கூட உதவும். இரும்பு மட்டும் கூடாது, டேஷ்போர்டில் அழியாத தழும்பு விழும். கிளிப் இருக்கும் இடத்துக்கு நேராகப் பட்டையை வைத்து நெம்ப வேண்டும். நடுவில் நெம்பினால் சட்டம் வளையும், கிளிப் உடையும். அதற்குமுன் பத்தாம் நம்பர் ஸ்பேனரால் பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றிவிட்டுச் சில நிமிடம் பொறுப்பது இன்று கட்டாயம். உள்ளே மஞ்சள் நிறக் கப்ளர் தெரிந்தால் அது பெரும்பாலும் ஏர்பேக்கினுடையது. அதைத் தொடவே வேண்டாம்.

கழற்றுவது இப்போதும் முடிகிறது. கழற்றிய பிறகுதான் வேறு உலகம். பல கார்களில் ரிவர்ஸ் கேமராவின் படமும் வண்டியின் அமைப்புகளும், சிலவற்றில் ஏ.சி.யின் கட்டுப்பாடும்கூட அந்தத் திரையில்தான் இருக்கின்றன. ஸ்டீயரிங்கில் உள்ள சத்தப் பொத்தானை அழுத்தினால் பல கார்களில் அந்தச் செய்தி பாஷ் நிறுவனம் 1986இல் அறிமுகப்படுத்திய 'கேன்' என்ற இரட்டை ஒயர்ப் பாதையில் ஓடுகிறது. வேறு செட்டை மாட்டினால் அதற்கு அந்தப் பேச்சு புரியாது. சில ஐரோப்பிய கார்களில் அதே மாடலின் செட்டை வேறொரு காரிலிருந்து எடுத்துப் பொருத்தினாலும் திரை ஒளிரும், சத்தம் வராது. கம்பெனியின் கணினியோடு இணைத்து, இது இந்தக் காருடையதுதான் என்று டீலர் பதிவு செய்தால்தான் பாடும். திருட்டுக்கு இது நல்ல மருந்து என்பதை மறுக்க மாட்டேன். ரிவர்ஸ் கேமரா பின்னால் நிற்கும் குழந்தையைக் காட்டுகிறது, அதற்காகத் திரை வந்ததில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் திரையோடு சேர்த்துக் கழற்றி மாற்றும் உரிமையையும் டீலர் கையில் ஒப்படைக்க எந்தப் பாதுகாப்புக் காரணமும் இல்லை. அன்று ரேடியோ பழுதானால் ரேடியோவை மாற்றினால் போதும். இன்று வாரண்டி முடிந்த காரில் திரை செத்துப்போனால், ஓடக்கூடிய வண்டியின் உரிமையாளர் பெரிய பில்லை நீட்டுபவர் முன் கைகட்டி நிற்கிறார். இது எனக்குக் கோபத்தைத் தருகிறது.

நம் நாட்டில் நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரில் பழுதுபார்க்கும் உரிமைக்கான இணையதளத்தைத் தொடங்கியபோது கார்களையும் அதில் சேர்த்தது. நல்ல தொடக்கம். கார் ஸ்டீரியோவின் கப்ளர் வரைபடமும் அந்த வழியில் எல்லோருக்கும் கிடைக்க வேண்டும்.

கம்பி வளைத்தவர்களின் வாரிசுகள் இதற்கிடையே சும்மா இருக்கவில்லை. ஃபோர்டு ரேடியோவின் சீரியல் நம்பரிலிருந்து ரகசிய எண்ணைக் கண்டுபிடிக்கும் நிரலை எழுதி இலவசமாகக் கொடுத்திருக்கிறார்கள். கேன் செய்தியைப் புதிய செட்டுக்கு மொழிபெயர்த்துச் சொல்லும் சிறு பெட்டிகள் கடைகளில் கிடைக்கின்றன. அது கிடைக்காத மாடலுக்கு வீட்டிலேயே செய்பவர்களும் இருக்கிறார்கள். தேவை ஆர்டுயினோ என்ற சிறு கணினிப் பலகையும், கேன் செய்திகளைப் படிக்கும் எம்.சி.பி. 2515 சிப் உள்ள சின்ன அட்டையும். அவற்றைப் பாதையில் இணைத்து, ஸ்டீயரிங் பொத்தானை ஒவ்வொன்றாக அழுத்தி, ஓடும் செய்திகளில் எந்த எண் மாறுகிறது என்று குறித்துக்கொள்கிறார்கள். வழக்கமான கேன் செய்தி ஒன்றில் அதிகபட்சம் எட்டு பைட்தான், பொறுமை இருந்தால் பிடித்துவிடலாம். பிரேக், என்ஜின் செய்திகளும் பாதையில் போகக்கூடும் என்பதால் அந்த சிப்பைக் கேட்க மட்டும் செய்யும் நிலையில் வைத்துத் தொடங்க வேண்டும். எந்தச் செய்தி எதற்கு என்று தெளிவாகத் தெரியும்வரை அதிலிருந்து ஒரு சொல்லும் அனுப்பக் கூடாது.