ஒட்டாக்குகளுக்குக் காதல் கஷ்டமா?



பொம்மைப் படம் என்றாலே சின்னப்பிள்ளைங்க சமாச்சாரம் என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். "டிப்ளமோ படிக்கிற வயசுல கார்ட்டூனா?" என்று கேட்காத வீடு உண்டா? ஆனால் ஜப்பான் நாட்டில் கதையே வேறு. அங்கே ஆபீஸ் முடிந்து களைத்து வீடு திரும்புகிறவர்களுக்கென்றே ராத்திரி வேளையில் அனிமே ஒளிபரப்பாகிறது. அப்படி வந்த ஒரு தொடரைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. பெயர் ‘வோட்டாகோய்’. முழுப்பெயரைத் தமிழில் சொன்னால், "ஒட்டாக்குகளுக்குக் காதல் கஷ்டம்"!

ஃபுஜிதா என்ற புனைபெயரில் எழுதும் ஓவியர் 2014-ல் இணையத்தில் வரைய ஆரம்பித்த சித்திரக்கதை இது. 2015-லிருந்து புத்தகமாக வந்து, 2021-ல் 11 தொகுதிகளோடு நிறைவு பெற்றது. இதை ஏ-1 பிக்சர்ஸ் நிறுவனம் அனிமே ஆக்கியது. இயக்கியவர் யோஷிமாசா ஹிராய்கே. 2018 ஏப்ரல் முதல் ஜூன் வரை ஃபுஜி டெலிவிஷனில் மொத்தம் 11 பகுதிகள் வந்தன. அது வந்த நேரத்துக்கு ‘நோய்டாமினா’ என்று பெயர். ‘அனிமேஷன்’ என்ற ஆங்கில வார்த்தையின் எழுத்துக்களைக் கடைசியிலிருந்து படித்துப் பாருங்கள், புரியும்! 2020-ல் நடிகர்களை வைத்துத் திரைப்படமாகவும் எடுத்தார்கள்.

யார் இந்த ஒட்டாக்கு?

‘ஒட்டாக்கு’ என்றால் ஜப்பானிய மொழியில் நேர்ப்பொருள் ‘தங்கள் இல்லம்’. பழக்கமில்லாத ஒருவரை மரியாதையாக ‘தாங்கள்’ என்று அழைக்கவும் இதே சொல்தான். அனிமே, சித்திரக்கதை ரசிகர்கள் ஒருவரையொருவர் இப்படி விறைப்பாகக் கூப்பிட்டுக்கொண்டதைப் பார்த்து, நகமோரி அகியோ என்ற எழுத்தாளர் 1983-ல் ஒரு பத்திரிகையில் அவர்களைக் கிண்டலடித்து எழுதினார். பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டது.

கிண்டலோடு போயிருந்தால் பரவாயில்லை. 1989-ல் சிறுமிகளைக் கொலை செய்த ஒருவன் டோக்கியோ பக்கம் பிடிபட்டான். அவன் அறையில் ஆயிரக்கணக்கில் வீடியோ கேசட்டுகள் இருந்தன. பத்திரிகைகள் அவனை ‘ஒட்டாக்கு’ என்று எழுதின. அவ்வளவுதான்! எங்கோ ஒருவன் செய்த கொடுமைக்கு, சித்திரக்கதை படிக்கிற அத்தனை பேர் மீதும் சந்தேகப் பார்வை விழுந்தது. 2005-ல் ‘டென்ஷா ஒட்டோகோ’ என்ற டி.வி. தொடரும் சினிமாவும், காதலிக்கத் தெரியாமல் தவிக்கும் ஒரு அப்பாவி ஒட்டாக்குவைக் காட்டி ஓரளவு அந்தக் கறையைக் கழுவின. ஆனாலும் ஆபீசில் வெளியே சொல்லக் கூச்சப்படுகிறவர்கள் இருந்துகொண்டேதான் இருந்தார்கள். வோட்டாகோய் கதை பிறப்பது இந்தக் கூச்சத்திலிருந்துதான்.

நாலு பேர், நாலு பைத்தியம்

நருமி மொமோசே, வயது 26. புதுக் கம்பெனியில் சேருகிறாள். பழைய கம்பெனியை ஏன் விட்டாள்? அங்கே காதலித்தவன், இவள் ஒட்டாக்கு என்று தெரிந்ததும் கைகழுவிவிட்டான். ஆண்களுக்கிடையிலான காதலைப் பெரும்பாலும் பெண்களே பெண்களுக்காக எழுதும் கதைகள் ஜப்பானில் ஏராளம். நருமி அவற்றைப் படிப்பதோடு, தானே வரைந்தும் வெளியிடுகிறவள். "இந்த ஆபீசிலாவது யாருக்கும் தெரியக்கூடாது" என்று வருகிறாள். வந்த முதல் நாளே எதிரே நிற்கிறான் ஹிரோதகா நிஃபுஜி, சின்ன வயது சிநேகிதன்! எல்லார் எதிரிலும் ‘காமிகெட்’ பற்றிச் சாதாரணமாகக் கேட்டுத் தொலைக்கிறான். அவள் முகம் போகிற போக்கைப் பார்க்கணுமே!

காமிகெட் என்பது, ரசிகர்கள் தங்கள் சொந்தச் செலவில் அச்சடித்த புத்தகங்களைத் தாங்களே கடைபோட்டு விற்கும் சந்தை. 1975 டிசம்பரில் டோக்கியோவில் 32 குழுக்களோடும் சுமார் 700 பேரோடும் ஆரம்பித்தது. இப்போது டோக்கியோ பிக் சைட் கண்காட்சி அரங்கில் ஆகஸ்டிலும் டிசம்பரிலும் நடக்கிறது. கொரோனாவுக்கு முன் ஒரு தடவைக்கு 5 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வந்து போனார்கள். திருவிழாதான்!

ஹிரோதகாவுக்கு வீடியோ கேம் பைத்தியம். மதிய இடைவேளையில் கையில் கேம். யார் என்ன நினைப்பார்கள் என்ற கவலையே கிடையாது. நருமி தன் சோகத்தைக் கொட்டும்போது, "அப்படின்னா என்னையே காதலிக்கலாமே" என்கிறான். அதற்கு அவன் சொல்லும் காரணங்களைக் கேளுங்கள்: கேமில் அவள் மேலே ஏற உதவுவானாம், காமிகெட்டில் அவள் கடையையும் பார்த்துக்கொள்வானாம்! ரோஜாப்பூ இல்லை, மழை இல்லை, டூயட் இல்லை!

அடுத்த ஜோடி ஹனாகோ கோயனாகியும் தாரோ கபாகுராவும். ஹனாகோ ஆபீசில் கம்பீரமான சீனியர். ஆனால் கதாபாத்திரங்களைப் போல வேடம் கட்டுவதில் கெட்டிக்காரி, அதிலும் ஆண் வேடம்! கபாகுரா கறார் பேர்வழி. மனசுக்குள் ஹீரோ கதைகளுக்கு ரசிகர். பள்ளியில் படித்த காலத்திலிருந்தே பழக்கம், தினமும் சண்டை. சண்டை போடாத நாளில்தான் நமக்குப் பயமாக இருக்கும். பின்பகுதியில் ஹிரோதகாவின் தம்பி நவோயா வருகிறான். அவன் ஒட்டாக்குவே அல்ல. கேம் விளையாடும் கூச்ச சுபாவமுள்ள ஒருத்தியைப் பையன் என்றே நினைத்துப் பழகுகிறான் அந்த அப்பாவி!

சிரிப்பு எங்கிருந்து வருகிறது?

ஒட்டாக்கு என்பது ஒரே கும்பல் இல்லை என்பதைக் காட்டுவதுதான் இத்தொடரின் சாமர்த்தியம். நருமிக்குப் பிடிப்பது கபாகுராவுக்குக் கசப்பு. ஹிரோதகாவுக்கு கேமைத் தவிர உலகமே தெரியாது. வெளியில் இருக்கிறவன் "எல்லாம் ஒரே கேஸ்" என்கிறான். உள்ளே பார்த்தால் நாலு பேருக்கும் நாலு திசை. இரண்டாவது, இவர்கள் பள்ளிப்பிள்ளைகள் இல்லை. "ஐ லவ் யூ" சொல்வதோடு படம் முடிவது நம் வழக்கம். இங்கே அது முதல் பகுதியிலேயே முடிந்துவிடுகிறது. அப்புறம்தான் கஷ்டமே! ஒட்டாக்குப் பேச்சே பேசக்கூடாது, மீறினால் அபராதம் என்று பந்தயம் கட்டிக்கொண்டு நருமியும் ஹிரோதகாவும் ஒரு பொழுதுபோக்குப் பூங்காவுக்குப் போகிறார்கள். என்ன ஆகும் என்று நான் சொல்ல மாட்டேன், நீங்களே பாருங்கள்.

குறையே இல்லையா? இருக்கிறது. ஆபீஸ் என்ற பெயரே தவிர, வேலையை அதிகம் காட்டுவதில்லை. பெண்களின் உடம்பைப் பற்றிய சில ஜோக்குகள் இல்லாமலேயே இருந்திருக்கலாம்.

நமக்கு என்ன சம்பந்தம்?

நண்பர்களே! இன்னும் ஓராண்டிலோ ஈராண்டிலோ நாமும் ஏதோ ஒரு கம்பெனி வாசலில் அடையாள அட்டையோடு நிற்கப்போகிறோம். எங்கள் வீட்டில் காலேஜ் படியேறிய முதல் ஆள் நான்தான். என்னைப் போன்றவர்கள் இங்கே நிறையப் பேர் உண்டு. நாம் மறைப்பது சித்திரக்கதைப் புத்தகத்தை அல்ல. அப்பா செய்யும் வேலையை மறைக்கிறோம், ஊர்ப்பேச்சை மறைக்கிறோம், இங்கிலீஷ் தடுமாறுவதை மறைக்கிறோம். "தெரிஞ்சா நம்மளை ஒரு மாதிரி பாப்பாங்களோ" என்ற பயம் நருமிக்கும் நமக்கும் ஒன்றுதான். இன்டர்வியூவை நினைத்தாலே எனக்கு முதலில் வருவது மிஷின்ஸ் பேப்பர் பயம் இல்லை, இந்தப் பயம்தான்.

இதற்கு இத்தொடர் மேடைப்பேச்சு எதுவும் பேசவில்லை. "எல்லாரிடமும் தைரியமாகச் சொல்லிவிடு" என்று நருமியை நெருக்கவும் இல்லை. மற்றவர்களிடம் அவள் கடைசிவரை ஜாக்கிரதையாகத்தான் இருக்கிறாள். ஆனால் மறைக்கத் தேவையில்லாத மூணு பேர் அவளுக்குக் கிடைக்கிறார்கள். சாயந்திரம் ஒரு மேஜையைச் சுற்றி உட்கார்ந்து வாய்விட்டுச் சிரிக்க ஒரு இடம் கிடைக்கிறது. மறுநாள் காலை அவள் தலைநிமிர்ந்து ஆபீசுக்குள் நுழைய அது போதுமானதாக இருக்கிறது.

ஊரையே ஜெயிக்க வேண்டாம், நண்பர்களே. நாலு பேர் போதும். அந்த நாலு பேரில் ஒருவர் இப்போது லேப்பில் நம் பக்கத்து மேஜையிலேயே ரெக்கார்டு எழுதிக்கொண்டிருக்கலாம். ஒரு வார்த்தை பேசிப் பார்ப்போமே!

– இரண்டாம் ஆண்டு, மின்னியல் துறை